புகையிலைப் பணத்தின் மூத்த மகன்: டிக் ரேனால்ட்ஸ் வாழ்க்கை வரலாறு தமிழில் வருகிறது

பெட்டிக்கடை மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை ஒருவழியாக முடிந்தது. கேமல் சிகரெட்டைக் கொண்டுவந்த ஆர். ஜே. ரேனால்ட்ஸின் மூத்த மகன் ரிச்சர்ட் ஜோஷுவா ரேனால்ட்ஸ் ஜூனியரின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டேன். வீட்டில் அவர் டிக், கூட்டாளிகளுக்கு 'கிட் கரோலினா'. சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்பே புத்தகம் கடைக்கு வந்துவிடும் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். வாங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. அதை மறைக்கவில்லை. ஆனால் வாங்குமுன் சண்டை போடுங்கள் என்றும் கேட்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் 12 நாள் இருக்கிறது, திருத்த நேரம் உண்டு.

தெரியாதவர்களுக்காக ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1906. 12 வயதில் அப்பா கணையப் புற்றுநோயில் போனார். 18 வயதில் அம்மா கேத்தரின் பிரசவத்துக்குப் பின் இறந்தார். மாமா, சித்தப்பா, வக்கீல்கள் கைகளில் வளர்ந்த பிள்ளை. 21 வயதில் விமான நிறுவனம் நடத்தினார். அதே 1927-ல் நியூயார்க்கிலிருந்து திடீரென்று காணாமல் போய், பத்திரிகைகள் முதல் பக்கத்தில் தேட, கடைசியில் செயின்ட் லூயிஸில் ஒரு சீன உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். 1929-ல் இங்கிலாந்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரின் உயிரைப் பறித்தார். 5 மாதச் சிறை. 1934-ல், 28 வயது நிறைந்ததும் சுமார் 2.5 கோடி டாலர் கைக்கு வந்தது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் கஞ்சித்தொட்டி வரிசையில் நின்ற காலம் அது. நான்கு கல்யாணம், மூன்று விவாகரத்து, பந்தயப் படகுகள், ஜார்ஜியா கடலோரத்தில் ஒரு தீவு. 1964 டிசம்பர் 14 அன்று சுவிட்சர்லாந்தில், 58 வயதில், மூச்சுவிட முடியாமல் இறந்தார். அவர் போய் சுமார் 36 மணி நேரத்தில் நான்காவது மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உயிலில் ஆறு ஆண் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை.

இதை ஏன் நான் எழுதினேன் என்பது அடுத்த கேள்வியாக வரும். கேளுங்கள், சொல்கிறேன்.

ஆலமரத்தடி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நேராகவே கேட்கிறேன். ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரப் பிள்ளை குடித்தான், கல்யாணம் செய்தான், செத்தான். நமக்கு இதில் என்ன? தமிழில் இன்னும் வாழ்க்கை வரலாறு எழுதப்படாத பெரியவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். ஒரு தமிழ் எழுத்தாளனின் மூன்று வருடத்தை இந்த ஊதாரிக்குக் கொடுக்க வேண்டுமா? பணக்காரன் கெட்டால் அது கதை, ஏழை கெட்டால் அது போலீஸ் செய்தி. அந்தப் பழக்கத்தை நாமும் வளர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கரூர்க்காரி எழுதியது:

ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் நான் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது டிக் மூலமாக இல்லை, அவருடைய தம்பி மூலமாக. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். மனைவி ஒரு மேடைப் பாடகி, அவர் மேல்தான் கொலைப் பழி வந்தது. அது புத்தகத்தில் வருகிறதா அண்ணா? உண்மையில் அந்தப் பெண் சுட்டாரா?

பெட்டிக்கடை மகன் எழுதியது:

முதலில் ஆலமரத்தடி ஐயாவுக்கு.

எங்கள் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார் என்பது என் பெயரிலேயே இருக்கிறது. கடை வாசலில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும், நுனியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். வருகிறவர்கள் ஒற்றைச் சிகரெட் வாங்கி அதில் பற்றவைத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தக் கயிறு அணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்பா காசு கொடுத்துச் சிகரெட் வாங்கியதே இல்லை, கடையில்தான் இருக்கிறதே. கடைசி நான்கு வருடம் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத்தான் தூங்குவார். எம்ஃபிசீமா என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. நுரையீரலின் காற்றுப்பைகள் கிழிந்து, இழுத்த மூச்சு உள்ளேயே தேங்கிவிடும் நோய். 'மூச்சு உள்ளே போகுதுடா, வெளியே வரமாட்டேங்குது' என்று அப்பா சொன்னதை விடச் சரியாக எந்த டாக்டரும் எனக்கு விளக்கவில்லை.

பல வருடம் கழித்து டிக்கின் மகன் பேட்ரிக் சொன்ன ஒன்றைப் படித்தேன். மூன்று வயதில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஒன்பது வயதில் அந்தப் பையன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதுகிறான். அழைப்பு வருகிறது. கதவைத் திறந்து உள்ளே போனால், அப்பா மல்லாந்து படுத்திருக்கிறார். நெஞ்சின் மேல் மணல் மூட்டைகள். நுரையீரலுக்குப் பயிற்சியாம். கேமல் சிகரெட்டின் சொந்தக்காரர் வீட்டு வாரிசு, மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு, மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறார்.

விற்றவன் வீட்டிலும் அதே நோய், சில்லறைக்கு விற்ற எங்கள் வீட்டிலும் அதே நோய். அந்த மணல் மூட்டையைப் படித்த இரவில் நான் எழுத உட்கார்ந்தேன். ஊதாரியின் கூத்து எனக்கு முக்கியமில்லை ஐயா. அந்த அறை முக்கியம்.

கரூர்க்காரி தங்கச்சிக்கு: தம்பி ஸ்மித் ரேனால்ட்ஸுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் சுட்டது யார் என்று என் புத்தகம் தீர்ப்பு சொல்லாது. கோர்ட்டே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? ராலே தமிழன் அண்ணன் அந்த வீட்டுக்கே போய் வந்தவர். அவர் எழுதட்டும்.

ராலே தமிழன் எழுதியது:

போனது உண்மை, இரண்டு தடவை. வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலத்தில் ரெனால்டா என்று அந்த வீட்டுக்குப் பெயர். 1917-ல் கட்டி முடித்தது. இப்போது அமெரிக்க ஓவியங்களின் அருங்காட்சியகம். பச்சை ஓடு போட்ட கூரை, வெளியிலிருந்து பார்த்தால் மாளிகை என்றே தோன்றாது, நீளமான ஒரு பங்களா மாதிரி அடக்கமாக இருக்கும். டிக்கின் அம்மா கேத்தரின் பார்த்துப் பார்த்துக் கட்டியது. பால்பண்ணை, பள்ளிக்கூடம், தபால் நிலையம் எல்லாம் சேர்த்து ஒரு சிற்றூராகவே அமைத்தார். கட்டிய வீட்டில் கணவர் வாழ்ந்தது சில மாதம்தான். 1918 ஜூலையில் அவர் இறந்துவிட்டார்.

தம்பி விஷயம். ஸ்மித்துக்கு 20 வயது. பதினாறு, பதினேழு வயதிலேயே விமானம் ஓட்டியவர். சின்ன நீர்-நில விமானம் ஒன்றில் தனி ஆளாக இங்கிலாந்திலிருந்து ஹாங்காங் திசையில் பறந்தவர். மனைவி லிபி ஹோல்மன், நியூயார்க்கின் நாடக மேடைகளான பிராட்வேயில் அன்றைக்கு உச்சியில் இருந்த பாடகி. 1931 நவம்பரில் கல்யாணம். 1932 ஜூலை 5 இரவு வீட்டில் விருந்து, எல்லோரும் குடித்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி மாடியில் திறந்த படுக்கைத் தாழ்வாரத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தது. தலையில் காயம். சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

முதலில் தற்கொலை என்றார்கள். பிறகு அடையாளம் தெரியாத ஆள் என்றார்கள். துப்பாக்கி முதல் தேடலில் கிடைக்கவில்லை, பிறகுதான் கிடைத்தது. ஆகஸ்டில் லிபி மேலும், ஸ்மித்தின் நண்பர் ஆல்பர்ட் வாக்கர் மேலும் கொலைக் குற்றச்சாட்டு. லிபி அப்போது கர்ப்பிணி. அவர் யூதப் பெண், மேடையில் பாடுகிறவர், கணவனை விட ஏழு வயது மூத்தவர். அந்த நாள் பத்திரிகைகளுக்கு இதெல்லாமே சாட்சியம் மாதிரி ஆகிவிட்டது. நவம்பரில் குடும்பமே வழக்கைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வழக்கு கைவிடப்பட்டது. விசாரணையே நடக்கவில்லை. டிக் அந்த ஜூலையில் ஆப்பிரிக்கக் கடல் பக்கம் கப்பலில் இருந்தார். தம்பி செய்தி நடுக்கடலில் வந்து சேர்ந்தது.

வழிகாட்டி எங்களை அந்தத் தாழ்வாரத்துப் பக்கம் கூட்டிப்போனபோது யாரும் பேசவில்லை. என் மகள் மட்டும் கேட்டாள்: 'அந்தப் பாப்பா என்னாச்சு?' அதற்கு நான் என்ன பதில் சொல்வேன். அந்தப் பிள்ளை கிறிஸ்டோபர் 1933 ஜனவரியில் பிறந்தான். 1950-ல் கலிஃபோர்னியாவில் விட்னி மலை ஏறப் போய், 17 வயதில் இறந்துவிட்டான்.

கரூர்க்காரி எழுதியது:

17 வயதிலா. அந்தத் தாயை நினைத்தால் மனசு தாங்கவில்லை. இவ்வளவு நாள் நான் அவரை 'கொலைகாரப் பாடகி' என்ற ஒரே வரியில்தான் வைத்திருந்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சிவப்பு மை எழுதியது:

தோழர்களே, எல்லோரும் மாளிகைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் வெளியே வாருங்கள்.

இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? அப்பா ரேனால்ட்ஸ் பிறந்தது வர்ஜீனியாவில், அடிமைகளை வைத்து வேலை வாங்கிய புகையிலைப் பண்ணையில். 1875-ல் வின்ஸ்டனில் ஆலை வைத்தார். 1913-ல் கேமல். ஆலைக்குள் இலையிலிருந்து காம்பு கிழிக்கிற வேலை பெரும்பாலும் கறுப்பினப் பெண்களுடையது. ஜன்னல் அடைத்த கூடம், புழுக்கம், மூக்கு வாய் எல்லாம் தூசி. இருப்பதிலேயே குறைந்த கூலி. 1943 ஜூன் 17 அன்று அந்த ஆலையில் ஜேம்ஸ் மெக்கார்டெல் என்ற தொழிலாளி வேலை நேரத்தில் சுருண்டு விழுந்து செத்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லியும் விடுப்பு கிடைக்காதவர். காம்பு கிழிக்கும் பெண்கள் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சில நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். தியோடோசியா சிம்ப்சன் போன்ற பெண்கள் தலைமையில் 22-ஆம் கிளைச் சங்கம் எழுந்தது. அடுத்த வருடம் கம்பெனியை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். கறுப்பின மக்கள் ஓட்டுப் போடப் பதிவு செய்ய வைத்ததும் அந்தச் சங்கம்தான். 1950-க்குள் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி அதை உடைத்தார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். 300 பக்கத்துக்கு மேல் புத்தகம் என்றால், மெக்கார்டெலுக்கு எத்தனை பக்கம்?

பெட்டிக்கடை மகன் எழுதியது:

ஒன்றரைப் பக்கம்.

மறைக்காமல் சொல்கிறேன். டிக் கம்பெனி நிர்வாகத்தில் இல்லை, 1943-ல் கடற்படையில் இருந்தார், அதனால் கதையின் ஓட்டத்தில் அது ஓரமாகப் போய்விட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் கேட்டதும் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. இரண்டு நாள் கொடுங்கள்.

ஆலமரத்தடி எழுதியது:

இதைத்தான் நான் வேறு சொல்லில் கேட்டேன். நடு ஊரில் பழுத்த நச்சு மரம் அது. அந்த மரத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தவனின் மனவலியை மட்டும் எழுதினால், அடியில் நின்று பழம் பொறுக்கியவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள். மணல் மூட்டை பற்றி நீ எழுதியது என்னையும் உலுக்கியது தம்பி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காம்பு கிழித்த அந்தப் பெண்களின் நுரையீரலுக்கு யார் மணல் மூட்டை வைத்தார்கள்?

அலையாத்தி எழுதியது:

நான் கடல்சார் உயிரியல் படிக்கிறேன், முதல் தடவை இங்கே எழுதுகிறேன். தவறு இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

ரேனால்ட்ஸ் என்ற பெயர் எனக்குச் சிகரெட் மூலம் வரவில்லை. பாடப்புத்தகம் மூலம் வந்தது. ஜார்ஜியாவில் சபேலோ என்று ஒரு தீவு. 1934-ல் டிக் அதை வாங்கினார், மோட்டார் கம்பெனிக்காரர் ஹோவர்டு காஃபினிடமிருந்து. தீவைச் சுற்றி உப்புச் சதுப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் கோரை மாதிரி ஒரே புல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்கும். 1950-களுக்கு முன் பெரும்பாலானவர்களுக்கு அது வீண் நிலம், கொசுக்காடு. தூர்த்து மனை போட வேண்டிய இடம். டிக் ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றை வைத்து, தன் பால்பண்ணைக் கட்டடத்தையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொள்ள விட்டார். 1953-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் அங்கே தொடங்கியது. சூழலியல் அறிஞர் யூஜின் ஓடம் அந்தச் சதுப்பைப் பார்த்துத்தான் சூழல் மண்டலம் பற்றிய தன் எண்ணங்களைக் கூர்மையாக்கினார். 1962-ல் ஜான் டீல் அந்தச் சதுப்பில் சூரிய ஒளி எங்கே விழுந்து, புல்லாகி, மக்கி, நண்டுக்கும் மீனுக்கும் எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டு எழுதினார். புல்லைத் தின்கிற உயிர்கள் கொஞ்சம்தான். செத்து மக்கிய புல்தான் முக்கிய உணவு. அந்த ஆராய்ச்சிகளின் பலத்தில் ஜார்ஜியா 1970-ல் சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

பிச்சாவரத்தில் சேற்றில் இறங்கி இலைச்சருகு எடை போடும்போது நாங்கள் செய்வது அந்தக் கணக்கின் பேரன் பேத்திதான். அதனால் ஐயா, 'நமக்கு என்ன' என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. என் பாடமே அந்த ஊதாரியின் மாட்டுத்தொழுவத்தில் வளர்ந்தது.

ஆலமரத்தடி எழுதியது:

அலையாத்தி, நன்றாக எழுதுகிறாய் அம்மா. இந்தத் தகவல் எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு தீவை ஒரு ஆள் வாங்கினான் என்றால், அதற்கு முன் அங்கே மனிதர்கள் இருந்தார்களா இல்லையா?

பெட்டிக்கடை மகன் எழுதியது:

இருந்தார்கள் ஐயா. புத்தகத்தில் எனக்கு எழுதக் கடினமாக இருந்த பகுதி அதுதான்.

சபேலோவில் கல்லா-கீச்சி மக்கள். ஸ்பால்டிங் என்ற பண்ணைக்காரர் காலத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் பிலாலி முகமது என்ற மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிமின் வம்சமும் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர்கள் தங்கள் காசில் நிலம் வாங்கி, தீவில் பல சிற்றூர்களாக இருந்தார்கள். ரக்கூன் பிளஃப் அவற்றில் பெரியது. அங்கே 1900-ல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

டிக்குக்கு வேட்டைக்காடு வேண்டும், தீவின் வடபகுதி முழுக்கத் தன் கையில் வேண்டும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு குடும்பமாக ஹாக் ஹம்மாக் என்ற ஒரே ஊருக்குள் நகர்த்தப்பட்டார்கள். நிலத்துக்கு நிலம், வீடு கட்ட மரம் என்று பேச்சு. மறுத்தால்? தீவில் சம்பளம் கொடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். கரைக்குப் போகும் படகும் அவருடையது. அதற்கு மேல் மிரட்டத் தேவையே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த கார்னீலியா வாக்கர் பெய்லி, ரக்கூன் பிளஃபிலிருந்து தங்கள் குடும்பம் வெளியேறியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்ட நிலத்தின் மதிப்பும் விட்டுவந்த நிலத்தின் மதிப்பும் ஒன்றில்லை என்பது அவர்கள் வாதம்.

டிக் இறந்த பிறகு அவருடைய மனைவி ஆன்மரீ தீவின் வடபகுதியை 1969-லும் பெரும்பாலான தென்பகுதியை 1976-லும் ஜார்ஜியா அரசுக்கு விற்றார். சதுப்பு பிழைத்தது, மான்கள் பிழைத்தன. ஹாக் ஹம்மாக் மக்கள் இன்றும் வீட்டு வரிக்கும் வெளியூர்ப் பணக்காரர்கள் கட்டும் பங்களாக்களுக்கும் நடுவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அலையாத்தி சொன்ன ஆய்வுக்கூடமும் இந்த வெளியேற்றமும் ஒரே ஆளின் ஒரே பத்தாண்டு. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு அத்தியாயமாகப் பிரித்திருந்தால் படிக்கிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்.

அலையாத்தி எழுதியது:

எங்கள் பாடத்தில் புல், நண்டு, நத்தை எல்லாம் இருக்கிறது. ஹாக் ஹம்மாக் இல்லை. இன்று வகுப்பில் கேட்கப் போகிறேன்.

சின்னாளபட்டி எழுதியது:

இந்த இழையை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். கிறிஸ்டோபர் ரேனால்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது பணம் கொடுத்த அமைப்பின் பெயரும் அதுவேதானே? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்துக்கு அவர் வந்தது எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. தாத்தா அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார். 'அவர் பேசினார், அந்த அம்மா பாடினார்' என்பார். என்ன பேசினார் என்று கேட்டால் தாத்தாவுக்கு நினைவில்லை. பாட்டுதான் நினைவு.

பெட்டிக்கடை மகன் எழுதியது:

அதே அமைப்புதான் அம்மா! இந்தக் கேள்வி வராதா என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன்.

லிபி ஹோல்மனுக்கு மகன் செத்தபின் அவன் பங்குச் சொத்து வந்து சேர்ந்தது. ஸ்மித்தின் புகையிலைப் பங்கு, அவன் மகன் வழியாகத் திரும்ப அவரிடமே. 1952-ல் மகன் பெயரில் கிறிஸ்டோபர் ரேனால்ட்ஸ் அறக்கட்டளை தொடங்கினார். கறுப்பின மக்களின் உரிமைக்காக அவர் செலவழித்தது கொஞ்சமில்லை. ஜோஷ் ஒயிட் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரோடு 1940-களிலேயே ஒரே மேடையில் பாடி, அதற்காக வசையும் வாங்கியவர். 1959-ல் கிங்கும் மனைவி கோரெட்டாவும் இந்தியா வர அந்த அறக்கட்டளை 5,000 டாலர் கொடுத்தது. அது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சேவைக் குழு வழியாக வந்தது. இந்தியப் பக்கம் காந்தி நினைவு நிதி அழைத்தது. அதன் செயலாளர் ஜி. ராமச்சந்திரன், சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர். அதனால்தான் கிங் உங்கள் ஊர்ப் பக்கம் வந்தார். சென்னை, காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று அந்தப் பிப்ரவரியில் அவர் தெற்கே பயணம் செய்தார். கன்னியாகுமரியில் ஒரே சமயத்தில் சூரியன் கடலில் இறங்குவதையும் நிலா எழுவதையும் பார்த்ததை ஊருக்குத் திரும்பியபின் ஈஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார். கோரெட்டா பாடியதும் சரிதான். தான் பேசிய அளவுக்கு மனைவி பாடினார் என்று கிங்கே எழுதியிருக்கிறார். உங்கள் தாத்தாவின் நினைவு நம்பகமானது.

கொலைகாரி என்று ஒரு நாடே சொன்ன பெண்ணின் கையிலிருந்து வந்த பணம் அது. எழுதும்போது இந்த இடத்தில் எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கரூர்க்காரி எழுதியது:

அண்ணா, இதைச் சின்னாளபட்டி கேட்காவிட்டால் எங்களுக்குச் சொல்லியே இருக்கமாட்டீர்களா? முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டியது இது.

ராலே தமிழன் எழுதியது:

ஸ்மித்தின் மற்றப் பங்கு எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிக்கும் இரண்டு சகோதரிகள் மேரியும் நான்சியும் தங்களுக்கு வந்த ஸ்மித் பங்கைத் தொடாமல், 1936-ல் தம்பி பெயரில் அறக்கட்டளையாக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு அருகே வேக் ஃபாரஸ்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. புதிதாக வரும் நம்மவர்கள் 'அந்தப் பல்கலைக்கழகம் இங்கேதானே' என்று கேட்பார்கள். இல்லை. அந்த அறக்கட்டளைப் பணத்தில் கல்லூரியையே இங்கிருந்து பெயர்த்து, சுமார் 100 மைல் தள்ளி வின்ஸ்டன்-சேலத்துக்கு 1956-ல் கொண்டுபோய்விட்டார்கள். இடம் ரெனால்டா எஸ்டேட்டிலிருந்து மேரி குடும்பம் கொடுத்தது. ஊர் பெயர் இங்கே, கல்லூரி அங்கே. என் மகள் அங்கேதான் படித்தாள். நூலகத்துக்கு ஸ்மித்தின் பெயர். பரீட்சைக்கு முந்தைய இரவு அதில் உட்கார்ந்து படித்தவளும், அந்தத் தாழ்வாரத்தில் நின்று 'பாப்பா என்னாச்சு' என்று கேட்டவளும் அவள்தான்.

சிவப்பு மை எழுதியது:

எல்லாம் சரி. மனம் நெகிழ்கிறது, எனக்கும்தான். ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நூலகம், ஆய்வுக்கூடம், கிங்கின் பயணம் எல்லாவற்றிலும் ரேனால்ட்ஸ் பெயர் இருக்கிறது. பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. கொடுத்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நாம் பேசிக்கொண்டே இருக்கலாம். கூலியாகப் போயிருக்க வேண்டியது கொடையாக வந்தது என்பது என் கணக்கு.

ஆலமரத்தடி எழுதியது:

சிவப்பு மை சொன்ன கடைசி வரிக்கு என் கையெழுத்தும் உண்டு. அதே சமயம் காந்திகிராமத்தில் அந்த அம்மா பாடியதை நான் இனி மறக்கப் போவதில்லை. இரண்டும் என்னிடம் இருக்கட்டும்.

தம்பி, அந்த ஆறு பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

பெட்டிக்கடை மகன் எழுதியது:

முதல் மனைவி எலிசபெத் டில்லார்டுக்கு நான்கு பிள்ளைகள். இரண்டாவது மனைவி, நடிகை மேரியன் ஓபிரையனுக்கு இரண்டு, அதில் இளையவர்தான் பேட்ரிக். மூத்த மகன், தாத்தாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சுமந்த மூன்றாம் ஆர். ஜே. ரேனால்ட்ஸ், 1994-ல் 60 வயதில் போனார். அவருக்கும் எம்ஃபிசீமா. தாத்தாவுக்குக் கணையத்தில், அப்பாவுக்கும் மகனுக்கும் நுரையீரலில்.

டிக் இறந்த 1964-ன் ஜனவரியில்தான் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அதே டிசம்பரில் டிக் போனார். பேட்ரிக் புகைபிடித்து, பலமுறை விட முயன்று, 1980-களின் நடுவில் விட்டவர். 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்யுங்கள் என்று சாட்சி சொன்னார். குடும்பத்தில் சிலர் அதை ரசிக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். உயில் அவருக்குக் கொடுக்காததை அந்த மணல் மூட்டை கொடுத்தது என்று எழுதியிருந்தேன். நேற்று அந்த வரியை அடித்துவிட்டேன். அலங்காரமாக இருந்தது. ஒன்பது வயதுப் பையன் அறைக்குள் நுழைவதோடு அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டேன்.

சிவப்பு மைக்கு: இரண்டு நாள் கேட்டேன், நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். ஒன்றரைப் பக்கம் இப்போது தனி அத்தியாயம். 1943 ஜூன் 17 காலையில் காம்பு கிழிக்கும் கூடத்தில் தொடங்குகிறது. டிக்கின் கடற்படை அத்தியாயத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், அவர் போர்க்கப்பலில் திசை பார்த்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில் ஊரில் என்ன நடந்தது என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிப்பாளர் 18 பக்கம் கூடுகிறது, விலை கூடும் என்றார். படகுப் பந்தயப் பகுதியில் 18 பக்கம் வெட்டிக் கொடுத்துவிட்டேன். தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், தப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

சின்னாளபட்டிக்கு: தாத்தா அனுமதி கொடுத்தால், அவர் சொன்ன அந்த ஒரு வரியைப் பெயர் போடாமல் சேர்த்துக்கொள்ளலாமா?

சின்னாளபட்டி எழுதியது:

கேட்டேன் அண்ணா. 'பாட்டு என்ன மொழின்னு தெரியலை, ஆனா அழுகை வந்துச்சுன்னு சேத்து எழுதச் சொல்லு' என்றார்.